ஒரு பிடி இரும்பு

"டாக்டர், என் சாம்ராஜ்யம் வளரவே மாட்டேங்குது" என்றார் சங்கரவேல்.

பல் மருத்துவர் செல்லக்கனி கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"வாயைத் திறங்க."

"பல்லுக்கு வரலை டாக்டர். கடைவாய்ங்கறது நீங்கதான்னு கேள்விப்பட்டேன்."

கோவில்பட்டியில் அவள் பல் டாக்டர். 'ஆயிரம் சூரியன்' என்கிற இணைய விளையாட்டில் அவள் பெயர் கடைவாய்.

உலகம் முழுக்க இருந்து ஆட்கள் கூடி, ஆளுக்கொரு கோளைப் பிடித்து, சுரங்கம் தோண்டி, கப்பல் கட்டி, ஒருத்தரை ஒருத்தர் கொள்ளையடிக்கும் விளையாட்டு அது. வேலைவெட்டி இல்லாதவர்கள் ஆடுவது என்று நினைக்க வேண்டாம். வேலை இருப்பவர்கள்தான் அதில் அதிகம் கெட்டுப்போனார்கள்.

ஒரு காலத்தில் கடைவாய்க்கு அங்கே முதலிடம். பிறகு ஒருநாள் கப்பல்களையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு, விண்வெளியின் ஓரத்தில் ஒரே ஒரு கோளை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அங்கே ஒரு பீரங்கிகூடக் கிடையாது. யாரும் அவளை அடிப்பதில்லை. சந்தேகம் கேட்கத்தான் வருவார்கள்.

சங்கரவேல் தீப்பெட்டி ஆலையில் மேற்பார்வையாளர். அவளைவிட இருபது வயதாவது மூத்தவர். இந்த வயதில் இந்த ஆட்டம் எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

"உக்காந்துட்டீங்க. வாயைத் திறங்க அண்ணாச்சி."

திறந்தார். உள்ளே ஒரு பல் நன்றாகவே சொத்தையாகியிருந்தது.

"எவ்வளவு கப்பல் வச்சிருக்கீங்க?"

வாயில் கண்ணாடியும் கொக்கியும் இருந்ததால் அவர் விரலைக் காட்டினார். இரண்டு கையும் போதவில்லை. விரல்களை மூடி மூடித் திறந்தார்.

"சுரங்கம்?"

ஒரு விரல்.

"துப்புங்க" என்றாள்.

அவர் பக்கத்துக் கிண்ணத்தில் துப்பினார்.

"அதை இல்ல அண்ணாச்சி. கப்பலை."

●

சங்கரவேல் வீட்டுக்குப் போய்க் கப்பல்களை உடைத்துச் சுரங்கம் தோண்டினார். இரும்பு வந்தது. அதை வைத்துப் பளிங்குச் சுரங்கம். பளிங்கை வைத்து எரிபொருள். ஒன்றை வைத்து இன்னொன்று என்று பெருக ஆரம்பித்தது.

அடுத்த வாரம் பல்லைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நல்லாத்தான் வளருது டாக்டர். ஆனா படுக்கும்போது கிடங்கு நெறைய இருக்கு. விடிஞ்சு பாத்தா எவனோ அள்ளிட்டுப் போயிருக்கான்."

"ராத்திரி சாப்பிட்டுட்டு வாய் கொப்பளிப்பீங்களா?"

"அது... சில நாள் அசதியில..."

"பூச்சி எதுக்கு வருது?"

"மிச்சம் மீதி இருக்கறதுனால."

செல்லக்கனி பல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சங்கரவேல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். திடீரென்று அவர் கண் விரிந்தது.

"ஆங்" என்றார். வாய் திறந்தபடி இருந்ததால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அன்றிலிருந்து, படுக்கும் முன் கிடங்கில் இருக்கும் அத்தனையையும் செலவழித்துவிடுவார். செலவழிக்க முடியாததைக் கப்பலில் ஏற்றி, விடியும்போது திரும்பி வருகிற மாதிரி வெகுதூரம் அனுப்பிவிடுவார். கொள்ளைக்காரர்கள் வந்து, ஒன்றுமில்லாத கோளைப் பார்த்துவிட்டு, எரிபொருள் நஷ்டத்தோடு திரும்பினார்கள்.

●

"நீங்க ஏன் டாக்டர் எல்லாத்தையும் குடுத்தீங்க?"

"முதலிடத்துல இருந்தப்போ வந்தவங்க எல்லாம் அடிக்கத்தான் வந்தாங்க அண்ணாச்சி. பேச ஒருத்தரும் வரலை."

"அதுக்காகவா?"

"வாயைத் திறங்க."

●

"இன்னும் வேகமா வளரணும் டாக்டர்" என்றார் அதற்கடுத்த முறை.

"எவ்வளவு வளரணும்?"

"நெடும்பயணம்னு ஒரு கூட்டணி இருக்கு. அதுல சேர ஒரு அளவு வச்சிருக்காங்க. அந்த அளவு."

"அதுல யாரு இருக்கா?"

செல்லக்கனி கொக்கியைக் கீழே வைத்தாள். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"என் மகன்."

நவநீதனுக்கு நான்கு வயதாகும்போதே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். சங்கரவேல்தான் ஆக்கிப் போட்டு வளர்த்தார். பையன் படித்தான், நல்லவன், ஒரே கெட்ட பழக்கம் இந்த ஆட்டம்.

"ஒருநாள் சாயங்காலம். சோறு வடிச்சு, குழம்பு வச்சு, தட்டுப் போட்டுட்டேன். 'சாப்பிட வாடா'ன்னேன். 'இதோ வர்றேன்பா'ன்னான். மறுபடி கூப்பிட்டேன். 'இதோ வர்றேன்பா.' மறுபடி கூப்பிட்டேன். அதே பதில். எந்திரிச்சுப் போய் நெட்டு வயரைப் புடுங்கிட்டேன்."

செல்லக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். ஆடத் தெரிந்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

"அன்னைக்குச் சண்டை நடந்துக்கிட்டு இருந்திருக்கு. அவன் கப்பல் எல்லாம் வழியில இருந்திருக்கு. திருப்ப ஆளில்லாம நேரா எதிரி வாய்க்குள்ள போயிருச்சு. பல வருஷமாக் கட்டினது. எனக்கு என்ன தெரியும்?"

"சத்தம் போட்டானா?"

"போட்டிருந்தா தேவலையே. வந்து உக்காந்து சாப்பிட்டான். தட்டைக் கழுவி வச்சான். அப்புறம் என்கிட்டப் பேசறதைக் குறைச்சுக்கிட்டான். அயர்லாந்துல வேலை கெடச்சுது, போயிட்டான். போன் போட்டா எடுக்கறதில்லை. பொங்கலுக்குப் பூப்போட்ட படம் ஒண்ணு வரும். அதான் பேச்சு."

"அன்னைக்குச் சோறு ஆறிப்போச்சா அண்ணாச்சி?"

சங்கரவேல் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"இல்லை. சூடாத்தான் இருந்துச்சு."

அவன் இன்னும் ஆடுகிறான் என்ற விஷயம் அவனுடைய நண்பன் ஒருத்தன் மூலமாகத்தான் அவருக்குத் தெரிந்தது. ஆட்டத்தில் நவநீதன் பெயர் கரிசல். அவன் கோளுக்கு அடுத்த இடம் காலியாகக் கிடந்தது. சங்கரவேல் அதைப் பிடித்துக்கொண்டார். தன் பெயரைப் பக்கத்துவீடு என்று வைத்துக்கொண்டார். அது அப்பா என்று கரிசலுக்குத் தெரியாது.

"ஆள் ஆட்டத்துக்குள்ள இருந்தா கோள் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியும்ல டாக்டர்? தினமும் அதைப் பாப்பேன். எரிஞ்சா, வேலை முடிஞ்சு வந்துட்டான், நல்லா இருக்கான்னு அர்த்தம். அதைப் பாத்துட்டுத்தான் படுப்பேன்."

"கூட்டணியில சேந்து?"

"அங்கே ஒருத்தருக்கொருத்தர் பேசிக்குவாங்களாம். அவன் மத்தவங்ககிட்டப் பேசறதையாவது கேக்கலாம்ல."

செல்லக்கனி எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த பல்வரிசைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தில் அவள் பார்க்காதது எதுவும் இல்லை.

"சுரங்கத்தை ஆழமாக்குங்க" என்றாள் கடைசியில். "வளரும்."

●

ஆடி மாதம் பச்சைப் புள்ளி அணைந்தது.

ஒரு நாள், இரண்டு நாள் என்று பொறுத்துப் பார்த்தார். ஒரு வாரம் ஆனது. அயர்லாந்தில் இருக்கும் சொந்தக்காரப் பையனுக்குப் போன் போட்டார். நவநீதன் வேறு ஊருக்கு மாறிவிட்டான், வேலை அதிகம், நன்றாகத்தான் இருக்கிறான் என்று பதில் வந்தது. ஆள் நன்றாக இருக்கிறான். ஆனால் புள்ளி எரியவில்லை. அவரைப் பொறுத்தவரை இருந்த ஒரே ஜன்னலும் சாத்திக்கொண்டது.

அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் பல நாள் வராமல் போனால் அவர் பெயர் சாம்பல் நிறமாகிவிடும். ஆள் இல்லாத வீடு என்று ஊருக்கே பறையடித்த மாதிரி. ஆனால் சுரங்கங்கள் ஓடிக்கொண்டே இருக்கும், கிடங்கு நிறைந்துகொண்டே இருக்கும். அப்புறம் என்ன, நாலா பக்கமும் இருந்து வருவார்கள்.

கரிசல் என்ற பெயர் சாம்பலானது. மறுநாளே முதல் கொள்ளை விழுந்தது. வந்தவர்கள் கிடங்கை உடைத்ததோடு நிற்காமல் பீரங்கிகளில் பாதியை நொறுக்கிவிட்டுப் போனார்கள்.

சங்கரவேல் ஆலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"டாக்டர், எனக்குக் கப்பல் வேணும். பெரிய கப்பல். அவன் கோளைச் சுத்திக் காவல் நிக்கணும்."

"கூட்டணிக்கு வெளிய இருக்கறவங்க காவல் நிக்க முடியாது. ஆட்டத்துல அதுக்கு வழியே வைக்கலை."

"அப்போ என்னதான் பண்றது? ஒருநாள் திரும்பி வருவான். வந்து பாக்கறப்போ..."

"எல்லாம் இடிஞ்சு கெடந்தா?"

"மூடிட்டுப் போயிருவானா?"

"பெரும்பாலும் அப்படித்தான் அண்ணாச்சி. இடிஞ்சதைப் பாத்துட்டு அப்படியே போயிருவாங்க. அப்புறம் எந்தப் பெயர்லயும் வரமாட்டாங்க."

"காப்பாத்த ஒரு வழி சொல்லுங்க."

"ஒண்ணு இருக்கு."

"சொல்லுங்க."

"நீங்களே கொள்ளையடிங்க."

சங்கரவேல் அவளையே பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

●

இரண்டாவது கொள்ளை விழுந்தபிறகு திரும்பி வந்தார். கதவருகிலேயே நின்றார்.

"எப்படி அடிக்கணும்?"

"சின்னக் கப்பலா அனுப்புங்க. பீரங்கியைத் தொடக் கூடாது. சுரங்கத்தைத் தொடக் கூடாது. கிடங்குக்கு மட்டும் போய் வழிச்சு அள்ளிட்டு வரணும். தினமும். அவன் பீரங்கி உங்களைச் சுடும்."

"சுடட்டும்."

"கிடங்கு காலின்னு தெரிஞ்சா வேற எவனும் எரிபொருளை வீணாக்கி வரமாட்டான்."

"அவன் பாத்தா, நான்தானே திருடன்?"

"ஆமா."

அவர் போய் மகனைக் கொள்ளையடித்தார்.

தினமும் விடிந்ததும் பக்கத்துவீட்டிலிருந்து சின்னக் கப்பல்கள் கிளம்பும். கரிசலின் பீரங்கிகள் சுடும். சில விழும். மீதி போய் அள்ளிக்கொண்டு வரும். விழுந்ததற்குப் பதிலாக அவர் வேறு கட்டிக்கொள்வார்.

மற்ற கொள்ளைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இந்தப் பக்கத்துவீட்டுக்காரன் எதையும் விட்டு வைக்கமாட்டான் போல என்று சபித்துவிட்டு வேறு பக்கம் போனார்கள்.

●

ஒருநாள் செல்லக்கனி அவருடைய போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் முகம் மாறியது.

"என்ன இது? ஒவ்வொரு தடவையும் நூறு இரும்பு மிச்சம் இருக்கு. நூறு பளிங்கு. நூறு எரிபொருள்."

"ஒரு பிடி டாக்டர்."

"என்ன பிடி?"

"அரிசிப் பானையைச் சுத்தமா வழிச்சு எடுக்கக் கூடாதுல்ல? ஒரு பிடியாவது விட்டு வைக்கணும். சின்னதுல அவனுக்கு அது வெளையாட்டு. பானையைக் கவுத்துப் போட்டுத் தட்டுவான். 'ஒரு பிடி விடுடா, வீட்டுப் பானை காலியா இருக்கக் கூடாதுடா'ன்னு கையில ஒண்ணு போடுவேன். தினமும் இதே கூத்துதான்."

"அண்ணாச்சி, இது பானை இல்லை. மிச்சம் இருந்தா பூச்சி வரும்னு முதல்லயே சொன்னேன்."

"தெரியுது டாக்டர். கை வரமாட்டேங்குது."

அவள் சொன்னதுதான் நடந்தது. அந்த ஒரு பிடிக்கு ஆசைப்பட்டு, ஆட்டத்துக்குப் புதுசாக வந்த எவனோ ஒருத்தன் கரிசலின் கோளில் புகுந்து ஒரு சுரங்கத்தை உடைத்தான். சங்கரவேலுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காத சீடனுக்கு இது தேவைதான் என்று நாம் சொல்லலாம்.

மறுநாளும் ஒரு பிடி விட்டு வைத்தார்.

●

மாதங்கள் போயின. மகனிடம் அள்ளியது மலை மாதிரி சேர்ந்துவிட்டது. அதில் அவர் ஒரு துண்டு இரும்பைக்கூடச் செலவழிக்கவில்லை. படுக்கும் முன் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றித் தொலைவுக்கு அனுப்புவார். விடிந்ததும் இறக்கி வைப்பார்.

"சும்மா கெடக்கற இரும்பு வளராது" என்றாள் செல்லக்கனி. "அதைப் போட்டுச் சுரங்கம் தோண்டினா உங்க சாம்ராஜ்யம் ரெண்டு மடங்காகும். நெடும்பயணத்துல சேர்ற அளவும் வந்துரும்."

"அவன் இல்லாத கூட்டணியில நான் போய் யார் பேசறதைக் கேக்க?"

"அப்போ வளர வேண்டாமா?"

"அவன் பொருள் டாக்டர் அது."

ஆட்டத்தில் முதலிடம் பிடித்தவள் கொக்கியை எடுத்தாள். பல்லைப் பார்த்தாள். மாதக்கணக்கில் அடைத்தும் சுரண்டியும் இழுத்துப் பிடித்த பல். இனி தாங்காது.

"இதைப் பிடுங்கிரலாம் அண்ணாச்சி. அடுத்த வாரம் வாங்க."

●

அடுத்த வாரம் வந்தார். ஊசி போட்டாள். மரத்துப்போகட்டும் என்று காத்திருந்தபோது அவருடைய போன் மணியடித்தது. அந்த ஆட்டத்தின் மணி.

கன்னம் மரத்து, வாய் கோணிக்கொண்டு, அவர் போனை அவளிடம் நீட்டினார்.

"பச்சைப் புள்ளி" என்றாள்.

சங்கரவேல் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கரிசல் வந்துட்டான். அவன் கோள்ல இருந்து ஒரு கப்பல் கெளம்பியிருக்கு. உங்க கோளுக்குத்தான் வருது."

ஒரு கப்பல் வருகிறது என்று அந்த ஆட்டம் சொல்லும். எதற்கு வருகிறது என்று சொல்லாது. அது வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும்.

"அண்ணாச்சி, நான் சொல்றதைக் கேளுங்க. உள்ள வந்ததும் அறிக்கையைத்தான் முதல்ல பாத்திருப்பான். இத்தனை மாசமா தினமும் பக்கத்துவீடு கொள்ளையடிச்சிருக்கு, எவ்வளவு அள்ளுச்சு, எவ்வளவு மிச்சம் விட்டுச்சுன்னு எல்லாம் அதுல இருக்கும். சும்மா விடுவானா? அடிக்கத்தான் வர்றான். நேரம் இருக்கு. எல்லாத்தையும் கப்பல்ல ஏத்தி அனுப்பிரட்டுமா?"

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம்.

"கோளை மூடற கவசத்தையாவது இன்னும் பலமாக்கட்டுமா?"

கையை நீட்டிப் போனை வாங்கினார். தன் கோளில் ஏற்கெனவே இருந்த கவசத்தையும் தன் விரலாலேயே அணைத்தார். மகனுடைய இரும்பு, பளிங்கு, எரிபொருள் எல்லாம் வெட்டவெளியில் கிடந்தது. போனை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வாயைத் திறந்தார்.

செல்லக்கனி இடுக்கியை எடுத்தாள். அவள் எத்தனையோ பல் பிடுங்கியவள். எத்தனையோ கோள் பறிபோனதையும் பார்த்தவள். பறிபோகட்டும் என்று திறந்து வைத்த ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

பல்லைப் பிடுங்கினாள். பஞ்சை வைத்தாள்.

"நல்லாக் கடிச்சுக்குங்க. அரை மணி நேரம் பேசக் கூடாது."

போன் மறுபடி மணியடித்தது.

அவள் எடுத்துப் பார்த்தாள். ஒரு முறை பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி பார்த்தாள்.

"அடிக்கலை அண்ணாச்சி."

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"கொண்டுவந்து இறக்கியிருக்கான். இரும்பு நூறு. பளிங்கு நூறு. எரிபொருள் நூறு."

சங்கரவேலின் கண்கள் நிறைந்தன. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"கூடவே ஒரு வரி எழுதியிருக்கான்."

அவள் அதை வாசிக்கவில்லை. போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

*இதோ வர்றேன்பா.*

சங்கரவேல் வாயிலிருந்த பஞ்சை எடுத்தார்.

"அவசரமில்லைன்னு எழுதுங்க டாக்டர்."